பாம்பை ஆறாக்கிய படுதா நைனா

அன்றைக்கு அந்த ஆண்கள் வார்டில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: கால் முறிந்த கட்டுமரக்காரர் அந்தோணி, இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்ட தையல்கார பாய், நர்ஸம்மா, குடலிறக்கத்துக்கு மறுநாள் ஆபரேஷன் நிச்சயமாகியிருந்த நான், படுதா நைனா. கடைசியாகச் சொன்ன ஆளைப்போல ஒரு நோயாளி சென்னைப் பட்டணத்தில் அதற்கு முன் படுத்ததில்லை, இனிப் படுக்கப்போவதுமில்லை.

நைனா நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா, அதாவது மேடையின் பின்னால் தொங்கும் காட்சித் திரை, எழுதுகிறவர். ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

"இந்த வெள்ளைச் செவுத்தப் பாத்துக்கினு படுத்தா நல்லாகீறவனுக்கே ஜொரம் வரும் டாக்டர்" என்று மூன்று நாள் நச்சரித்தார். நாலாம் நாள் டாக்டர் சலித்துப்போய்த் தலையாட்டினார். உடனே நைனாவின் ஆட்கள் பெரிய காட்டுப் படுதா ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு எதிரே தொங்கவிட்டார்கள்.

வார்டே கதிகலங்கிப்போயிற்று. அந்தக் காலத்து நாடகத்தில் அரண்மனைப் படுதா என்றால் பாட்டு, தெருப் படுதா என்றால் கோமாளி. காட்டுப் படுதா இறங்கினால் யாராவது சாகவேண்டும்.

"இன்னா நைனா, எங்கள்ல யாரை அனுப்பப்போறே?" என்றார் அந்தோணி.

"காடா மாட்டிக்கீறாங்க?" என்று பாய் எழுந்து உட்கார்ந்தார்.

எனக்குச் சந்தேகமே இல்லை, ஆள் நான்தான். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன்; கவலைப்படுவதை மட்டும் விடாமல் படித்தவன். போதாததற்கு மரத்தடியில் ஒரு கருநாகம் என்னையே பார்த்தது. இன்னொரு தரம் குடல் சிக்கினால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்க வரும் கூட்டத்தோடு நழுவிவிடுவதென்று துணியை மூட்டை கட்டினேன்.

நைனா மூட்டையைப் பார்த்தார். "எது பயமுறுத்துது தம்பி? காடா, பாம்பா?"

"பாம்பு."

"அவ்ளோதானா!"

நீலப்பொடி வாங்கிவர ஆள் அனுப்பினார். "காசு நான் தரேன்" என்றேன். "ஆபரேஷன் ஆனப்பறம் குடு" என்றார். பிறகு இடது கையால் தூரிகையைப் பிடித்துப் பாம்பின் வாலை இழுத்தார். அது கோணல்மாணலாக நீண்டது, அகன்றது, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஆறாகவே ஆகிவிட்டது.

"அடையாறு மாதிரியே கீதுபா! ஒரு கட்டுமரம் போடு" என்று அந்தோணி அதட்டினார்.

"ஆத்துல கட்டுமரமா?" என்று நர்ஸம்மா சிரித்தாள். நைனா போட்டார்.

"எனக்கும் யாராச்சும் சொல்லுங்க" என்றார் பாய்.

பக்கத்துக் கட்டில் என்னுடையது. ஆற்றை ஒவ்வொரு வளைவாக அவருக்குச் சொன்னேன். அது கடலில் போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்து மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஓட மறந்துபோயிருந்தேன்.

காலையில் என்னைத் தூக்கிக்கொண்டு போகையில் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். நினைவு தெளிந்து பார்த்தால் நைனாவின் கட்டில் காலி. கட்டுப் போட்ட கையோடு கம்பெனியுடன் வெளியூர் போய்விட்டாராம். படுதா மட்டும் அங்கேயே தொங்கியது. "அவனுக்குத் தையல் பிரிக்கறவரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிப் போனாராம்.

பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் எதிர்ச்சுவரில் ஓர் ஆற்றைத் தேடுகிறது. நீலப்பொடி நாலணா, இன்னும் பாக்கி.