ஜபல் மாஸ்டரின் சுடுதண்ணீர்

கொச்சி மட்டாஞ்சேரியில் மலையைப் பற்றிப் பேசாமல் ஒரு சாயா ஆற்றத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஜபல் மாஸ்டர்தான். ஊரோ கடல் மட்டத்தோடு கிடக்கிறது. மேடு என்று சொல்ல தோப்பும்படிப் பாலத்தை விட்டால் வேறு எதுவும் கிடையாது. இங்கே வந்து நின்றுகொண்டு காலை முதல் மாலை வரை மலை மலை என்று என் பிராணனை வாங்கினார்.

பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே எனக்கொரு சின்ன சாயாக்கடை இருந்தது. மாஸ்டருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். என்னிடம் வருவதற்கு முன் ஓமன் நாட்டுப் பாலைவன மலைகளில், ரோடு போடுகிறவர்களின் முகாமில் சமைத்துக்கொண்டிருந்தார். அங்கே மலைக்கு ஜபல் என்று பெயர். கிடங்கில் சுமை தூக்குகிற சேட்டன்மார் அதையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு மலைக்கதை சொல்லியிருப்பார்.

ஒரு மலையுச்சியில் பெரிய ஓட்டையாம். அதன் கீழே அரண்மனை மாதிரி குகை. ஜின் பூதங்கள் கூடிப் பஞ்சாயத்து பேசுகிற இடம் அது. இன்னொரு குகையில் கண்ணே இல்லாத மீன். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, ஆனால் காய்ந்த ஓடையில் திடீரென்று தண்ணீர் வந்து லாரியை உருட்டிக்கொண்டு போகும். உச்சிப் பாறையில் சிப்பி பதிந்திருக்கும். இதற்குச் சாட்சியாக ஒரு கல்லைக் கொண்டுவந்து என் கல்லாப்பெட்டி மேல் வைத்திருந்தார்.

"கடலே இல்லாத எடத்துல சிப்பி எப்பிடி ஏறுச்சு சேட்டா? சொல்லு பாப்போம்" என்பார். சேட்டன் யோசித்து முடிப்பதற்குள் சாயா ஆறிப்போகும். வேறு சாயா கேட்பார். நஷ்டம் எனக்கு.

அங்கே ஒரு சரிவில் வண்டியைச் சும்மா விட்டால் தானாகவே மேட்டில் ஏறும் என்று ஒருநாள் சொன்னார். வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற சேச்சி சிரித்துவிட்டாள். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்ப் பாலத்துச் சரிவில் நிறுத்தி, சேச்சியைச் சாட்சிக்கு நிற்கவைத்து, பிரேக்கை விட்டார். உலகத்திலுள்ள மற்ற ஸ்கூட்டர்களைப் போலவே அதுவும் கீழே ஓடி, சேச்சியின் மீன்கூடையில் முட்டி நின்றது.

"என்ன மாஸ்டரே இது, வண்டியெல்லாம் மத்தி நாறுது" என்றேன்.

"வண்டி மேல தப்பில்ல தம்பி. இது மனுசன் கட்டுன மேடு. இதுக்கு என்ன தெரியும்?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர்ச் சமாசாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மலைக்காரர்கள் கொதிக்கிற தண்ணீரைத் தரையில் கொட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொட்டுவார்களாம். கண்ணுக்குத் தெரியாத ஜின் பிள்ளைகள் அங்கே விளையாடிக்கொண்டிருந்தால் சுட்டுவிடும் அல்லவா? மாஸ்டர் அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. பின்வாசல் சாக்கடையில் பாத்திரத்தைக் கவிழ்க்கும்போதெல்லாம், "தள்ளிக்கோங்க மக்களே, சூடுவெள்ளம் வருது" என்று ஊருக்கே கேட்கும்படி கூவுவார். முன்பக்கம் சாயா குடிக்கிறவர்கள் கிளாஸோடு எழுந்து ஓடுவார்கள். கடைக்குப் பின்னால் ஜின் இருக்கிறது என்று பஜார் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அப்போதுதான் கட்டடத்துக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னார். யூதர் தெருவான ஜூ டவுனில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காபிக்கடை நடத்துகிற ஒருவர் என் இடத்தைக் கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் நான் தெருவில்தான். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

சுமை தூக்குகிற சேட்டன் ஒருவர்தான் யோசனை சொன்னார். "அந்தக் காபிக்காரன் பயங்கொள்ளியாக்கும். ஜின்னுன்னு கேட்டா இந்தப் பக்கம் வரமாட்டான். மாஸ்டரை ரெண்டு கதை விடச் சொல்லு, போதும்."

என் வாழ்க்கையில் முதன்முறையாக மலைக்கதை இனித்தது.

காபிக்காரர் கட்டடத்துக்காரரோடு வந்தார். பின்வாசலை எட்டிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் மாஸ்டர், "தள்ளிக்கோங்க மக்களே" என்று கூவித் தண்ணீரைக் கவிழ்த்தார். அந்த மனிதருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"யார்கிட்ட பேசுறீங்க? இங்க ஜின்னு உண்டோ?"

நான் கண்ணாலேயே மாஸ்டரைக் கும்பிட்டேன்.

"ஜின்னா? அது மலையில உள்ளதாக்கும் சாரே. எனக்குத் தெரிஞ்சு இங்க ஒண்ணும் கிடையாது. தைரியமா எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். உலகத்து ஜின்களையெல்லாம் என் கடையில் அவிழ்த்துவிட்ட மாஸ்டர், எனக்கு ஒரே ஒரு ஜின் தேவைப்பட்ட அன்று கையை விரித்துவிட்டார்.

"ஒரு பொய் சொல்ல வாய் வரலையா மாஸ்டரே?"

"மீனையும் கல்லையும் கண்ணால கண்டேன், சொன்னேன். ஜின்னு கதையை மலைக்காரங்க சொன்னாங்க, சொன்னேன். இங்க இருக்குன்னு யாரும் சொல்லலையே தம்பி."

"அப்ப தினமும் யாரைத் தள்ளிக்கச் சொல்றீங்க?"

"இல்லைன்னும் யாரும் சொல்லலையே. ஒருவேளை இருந்து, பிள்ளைக்குச் சுட்டுருச்சுன்னா?"

இந்த ஆளிடம் என்ன பேசுவது? பேசுவதையே விட்டுவிட்டேன். படகுத்துறைப் பக்கம் ஒரு சந்தில் பெட்டி மாதிரி ஓர் இடம் கிடைத்தது. அங்கே மாஸ்டரை நான் கூப்பிடவில்லை. ஆனால் கடை திறக்கிற அன்று, பழைய பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு வந்து நின்றார். பாய்லர் மேல் சிப்பிக்கல்.

"இந்த எடம் கொஞ்சம் மேடுதான் தம்பி" என்றார், வெகு சந்தோஷமாக.

போன மழைக்காலத்தில் முட்டி வலி தாங்காமல் தென்காசிக்கே போய்விட்டார். கல்லை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். இப்போது கடையில் கதை இல்லை, யாருடைய சாயாவும் ஆறிப்போவதில்லை. நான் நிம்மதியாக இருக்க வேண்டியவன். ஆனால் மனசு அந்த மனிதரைத் தேடுகிறது. கொதிக்கிற பாத்திரத்தோடு பின்வாசலுக்குப் போனால், "தள்ளிக்கோங்க மக்களே" என்று என் வாய் தானாகச் சொல்கிறது. அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தால், அவர்களும் மாஸ்டரைத் தேடித்தான் வந்திருப்பார்கள்.