எண்ணெய் கறுத்த விவகாரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் என் மகளும் நலம். வீட்டுக்குப் பின்னால் ஆற்றில் கட்டியிருக்கும் உங்கள் படகின் இன்ஜினும் நலம். சொல்லப்போனால் எங்களைவிட அது ஒரு படி மேலாகவே நலமாக இருக்கிறது. அதற்கு நடந்த உபசாரம் இந்த வீட்டில் வேறு யாருக்கும் நடக்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் உங்கள் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு, "அது அப்படி இல்லீங்க மாப்பிள்ளை" என்று குறுக்கே பாய்வார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, மழைக்கு முன்னாடி இன்ஜின் எண்ணெய மட்டும் மாத்திடுங்க. பழசு உள்ளேயே கிடந்தா அரிச்சிடும். நான் திரும்பி வரும்போது இன்ஜின் நல்லா இருந்தா படகு உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா கேக்கறவங்களுக்கு வித்துடலாம்" என்றீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் படகு என்னிடமே இருக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. மருந்துக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றே என் காலம் போய்விட்டது. ஓய்வு பெற்று வீட்டோடு வந்தால், எங்கே உட்கார்ந்தாலும் "கொஞ்சம் எழுந்திரிங்க, பெருக்கணும்" என்கிறார்கள். ஒரு சுக்கானைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று நானே ஒரு தடவை முடிவு செய்ய வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

சூடாக இருந்தால்தான் எண்ணெய் இளகி வரும் என்று நீங்கள் சொல்லியிருந்தபடி, படகின் தரைப் பலகைகளைத் தூக்கி வைத்துவிட்டு, உங்களைவிட வயதில் மூத்த அந்த இன்ஜினின் முன்னால் உட்கார்ந்து, இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். சுற்றினேன் என்றால், சுற்றப் பார்த்தேன். அது அசைந்து கொடுக்கவில்லை, என் இடுப்புதான் அசைந்து கொடுத்தது. அதற்குள் உங்கள் மாமியார் இறங்கி வந்து, "தள்ளுங்க" என்று சொல்லி, மேலே இருக்கும், இன்ஜினின் அழுத்தத்தைத் தளர்த்தும் குட்டி நெம்புகோலைத் தூக்கி விட்டுக்கொண்டு சுற்றினார். சக்கரம் வேகம் பிடித்ததும் அதைத் தட்டி இறக்கினார். டப் என்றது, டப் டப் என்றது, ஓடியேவிட்டது. நீங்கள் செய்யும்போது பார்த்தாராம். நான் முன்னாலேயே சுற்றி இளக்கி வைத்திருந்ததால்தான் அவருக்குச் சுலபமாக வந்தது என்பதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். இன்ஜினின் வயிறு படகின் அடியோடு ஒட்டிக் கிடப்பதால் கீழ்வழியாக எண்ணெயை இறக்க முடியாது அல்லவா, ஆகவே எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்த ஓட்டைக்குள் குழாயை விட்டு, பித்தளைக் கைப்பம்பால் உறிஞ்சினோம். பம்பு அடித்தது அவர். மேற்பார்வை நான். வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றியது மட்டும் முழுக்க முழுக்க என் கைவேலை. அதற்குள்ளும் எண்ணெய் நிறைந்திருக்கும் என்று நீங்கள் சொல்ல மறந்துவிட்டீர்கள், போகட்டும். அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை இப்போது படகில் கைதுடைக்கும் துணியாகச் சேவை செய்கிறது.

புது எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. குறி வரைக்கும் ஊற்றி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துக் கம்பியை உருவிப் பார்த்தால், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னங்கரேல்! "பாத்தியா, கடைக்காரன் கலப்பட எண்ணெயத் தலையில கட்டிட்டான்" என்றேன். "ஓடினா கறுக்கறது அதோட சுபாவமோ என்னமோ" என்றார் உங்கள் மாமியார். "மருந்துக் கடையில எத்தனை கலப்படத்தப் பாத்தவன் நான், எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன். அவர் மறுபடி பம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் இப்படி உடனே இணங்கிவிட்டால் எனக்கு நல்லதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி சூடாக்கி, மறுபடி உறிஞ்சி, மறுபடி வாங்கி வந்து ஊற்றினோம். மறுபடி கறுத்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று, கடைக்காரர் என் கண்ணெதிரே சீல் உடைத்துக் கொடுத்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து ஊற்றினேன். அதுவும் கறுத்துத் தொலைத்தது. மழைக்காலம் வேறு நெருங்குகிறது, நீங்களும் வந்துவிடுவீர்கள், படகு கைவிட்டுப் போய்விடுமே என்று எனக்கு அழுகை வராத குறை.

நேரே கடைக்குப் போனேன். கறுத்த எண்ணெயை ஓர் இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி, மூடி போட்டு, லேபிளும் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். கூட்டமான நேரம். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படிப்பட்ட வியாபாரிகளால் நாடு எங்கே போகும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன். கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுல ஊத்தினீங்க?" என்றார். "டீசல் இன்ஜின்ல." "டீசல் இன்ஜின்ல ஊத்தின எண்ணெய் கறுக்காம வெளுக்கவா செய்யும்? உள்ள இருக்கற கரிய இழுத்துக்கறதுக்குத்தான் அத ஊத்தறதே! கறுத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்." "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றேன். "நீங்க எண்ணெய் கேட்டீங்க, கொடுத்தேன். சொந்தமா படகு வெச்சிருக்கறவருக்கு இதுகூடத் தெரியாதுன்னு நான் எப்படிங்க நினைப்பேன்?" கடையே சிரித்தது. அந்த அவமானத்திலும், சொந்தமாகப் படகு வைத்திருப்பவர் என்று அவர் சொன்னது எனக்கு இனித்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மல்லுக்கட்டியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். மகளும் சேர்ந்துகொண்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, பெரிய மனது பண்ணி யோசியுங்கள். வேறு யாராவது ஒரு முறை மாற்றியிருப்பார்கள். நான் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். உள்ளே அவ்வளவு சுத்தம். படகை விற்க வேண்டாம், என் பொறுப்பிலேயே விடுங்கள். உங்கள் மாமியாரும் கூடமாட ஒத்தாசையாக இருப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படகு என்றால் சுக்கான் ஒருவர் கையில் இருப்பதுதான் முறை. அது என் கையாக இருக்கட்டும்.

நீங்கள் போகிற கடலெல்லாம் அமைதியாக இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்து டப் டப் என்று சத்தம். ஜன்னலைத் திறந்து பார்த்தால், கயிறு அவிழ்த்தாகிவிட்டது, படகு நடு ஆற்றுக்குப் போய்விட்டது. முன்னால் நின்று மகள் கையாட்டுகிறாள். சுக்கானில் உங்கள் மாமியார். "நில்லு, நானும் வர்றேன்!" என்று கத்தினேன். "நீங்க நிதானமா எழுதுங்க, ஒரு சுத்து போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்!" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் வருகிறது. ஆற்றின் அந்த வளைவில் நீங்கள்கூட இரண்டு தடவை கரையில் இடித்திருக்கிறீர்கள். அவர் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி திருப்பிப் போய்விட்டார். திருப்பும்போது தெரிந்த அவர் முகத்தை இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்ததில்லை. ஆகவே மேலே நான் கேட்டதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். படகை விற்கும் எண்ணம் இன்னும் இருந்தால், அதை அவரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். என்னால் ஆகாது.