பூட்டக்காவின் பாஸ்வேர்ட்

மலேசியாவின் வட சிலாங்கூரிலேயே தன் கையைத் தானே நம்பாத ஒரே மனுஷி எங்கள் பூட்டக்காதான்.

கோல சிலாங்கூரை அடுத்த செம்பனை எண்ணெய் ஆலையில் நான் கணக்கெழுதும் கிராணி. அவர் கணினிப் பிரிவின் தலைவி. அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது. அவர் வருவதற்கு முன் எங்கள் ஆபிஸின் பொதுக் கணினிகளில் யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாம். ஒருவர் பந்து விளையாட்டை ஏற்றுவார், இன்னொருவர் ஜாதகம். லோரி எடை பார்க்கும் கணினியில் மீன் நீந்தும்.

வந்த வாரமே அக்கா எல்லாரையும் 'சாதாரணப் பயனர்' ஆக்கிவிட்டார். வேலை செய்யலாம், புதிதாக எதையும் ஏற்ற அவருடைய பாஸ்வேர்ட் வேண்டும். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பூட்டக்கா. அதைத் தட்டும்போது குடையை விரித்து மறைத்துக்கொள்வார். தினமும் அவர் வேலை பார்த்ததும் சாதாரணப் பயனராகத்தான்.

“ஏன்க்கா, உங்களுக்குக்கூட முழு அதிகாரம் குடுத்துக்கலையா?” என்று கேட்டேன்.

“எனக்கும் கை துறுதுறுங்கும் லா.”

மேனேஜருக்குத்தான் தாங்கவில்லை. “நான் இங்க மேனேஜர்மா” என்றார்.

“ஆலைக்கு மேனேஜர் சார். கம்ப்யூட்டருக்கு நீங்களும் யூசர்தான்.”

“சபாக் ஆலைக்கு மாத்திடுவேன்.”

“அங்கயும் கம்ப்யூட்டர் இருக்கும்ல சார்? அதையும் பூட்டணும்.”

ஒரு நாள் காலை, பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன மின்னஞ்சல் ஒன்றை மேனேஜர் திறந்தார். எதையோ ஏற்றக் கணினி அக்காவின் பாஸ்வேர்டைக் கேட்டது. அக்காவைக் கூப்பிட்டு, “சீக்கிரம் தட்டுமா, பார்சல் திரும்பிப் போயிடும்” என்றார். அக்கா திரையை ஒருமுறை படித்தார். குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினார்.

“பார்சல் இல்ல சார், திருடன். கதவத் தொறக்கச் சொல்றான்.”

மேனேஜர் நம்பவில்லை. மதியம் தஞ்சோங் காராங் பக்கத்து ஆலையிலிருந்து போன் வந்தது. அங்கும் அதே மின்னஞ்சல். ஆனால் அங்கே எல்லாருக்கும் முழு அதிகாரம். கணினிகள் மொத்தமும் முடங்கி, எடை போட வழியில்லாமல் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் சாலை வரை நின்றன. பழம் கெட்டுப்போவதற்குள் எங்கள் ஆலைக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கள் எடைக் கணினி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மேனேஜர் வாசலிலேயே நின்றார். வந்த லோரிக்காரர் ஒவ்வொருவரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “எங்க ஆபிஸ்ல எனக்கே பெர்மிஷன் கெடையாது லா, தெரியுமா?”

அக்கா இப்போது பதவி உயர்வில் பத்தாங் காலியில் இருக்கிறார். போவதற்கு முன் என் வீட்டுக் கணினியையும் பூட்டித் தரச் சொன்னேன். பாஸ்வேர்ட் அவரிடம்தான். ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் போன் செய்வேன்.

நேற்றும் செய்தேன். ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை.