ஒருவர் விடாமல் சுயராஜ்யம்

அன்று மலாயாவின் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்துக் கொட்டகையில் கூடியிருந்தவர்கள்: கங்காணி சபாபதி, அவர் மனைவி கிருஷ்ணம்மா, வேலு, கருப்பாயி, இன்னும் தொழிலாளர் லயத்து ஆண்களும் பெண்களுமாக முப்பத்தாறு பேர். பத்து பாகாட் ஊர் லாரிக்காரர் செபஸ்தியன் கடைசியில்தான் வந்தார். அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1931ஆம் வருஷம். பத்து பாகாட்டில் கங்காணியாக இருந்த சம்பந்தி சின்னத்தம்பி, தன் ஆட்களை ஒருவர் விடாமல் இந்திய சுயராஜ்யத்துக்கு ஓட்டுப் போட வைத்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. பெண் கொடுத்த இடத்தில் தலை குனிவதா? நாளைக்கு மகளல்லவா அங்கே பேச்சுக் கேட்பாள்? சபாபதி தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சுயராஜ்யம் வேணும்னா தட்டுல வெத்தலை வைங்க. வெள்ளைக்காரனே போதும்னா பாக்கு வைங்க."

எண்ணிப் பார்த்தால் வெற்றிலை நாற்பது, பாக்கும் நாற்பது. சபாபதி வைத்ததையும் சேர்த்துத்தான்.

"நல்ல காரியத்துல வெத்தலையத் தனியா யாராச்சும் வைப்பாங்களா?" என்றாள் கருப்பாயி.

"சரி, வேணும்ங்கறவங்க எனக்கு வலப்பக்கம் வாங்க. வேணாம்ங்கறவங்க இடப்பக்கம்."

வேலு வலப்பக்கம் நகர்ந்தான். ஆண்கள் அத்தனை பேரும் அவன் பின்னால் போனார்கள். ஆண்கள் நிற்கிற இடத்தில் பெண்கள் போய் எப்படி நிற்பது? முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்கினார்கள். முன்வரிசையில் கிருஷ்ணம்மா.

"அடியே! நீயே வெள்ளைக்காரன் பக்கமா?"

"ஆம்பளைங்க நடுவுல போய் இடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"மானத்த வாங்காதீங்க! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!"

பெண்கள் வந்தார்கள். ஆண்கள் மரியாதையாக வழிவிட்டு அந்தப் பக்கம் போனார்கள்.

வேலு தலையைச் சொறிந்தான். "கங்காணி, சுயராஜ்யம் கப்பலேறி நம்ம வரைக்கும் வருமா? இல்ல, நாமதான் போய்ப் பார்த்துட்டு வரணுமா?"

பதினெட்டு வருஷமாக சபாபதியும் யோசித்துக்கொண்டிருந்த விஷயம்தான். ஊரில் எது நடந்தாலும் இங்கே விடியற்காலையில் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"வேணாம்ங்கறவன் வீட்டுக்குப் போலாம்!"

மத்தியான வேளை. லயத்திலிருந்து கருவாட்டுக் குழம்பு மணத்தது. கொட்டகை மொத்தமும் கிளம்பியது.

கிருஷ்ணம்மா ஓடிப்போய் வாசலை மறித்தாள். "நில்லுங்க! அவரு மாத்திச் சொல்லிட்டாரு. வேணும்ங்கறவங்கதான் வீட்டுக்குப் போலாம்!"

இமைக்கும் நேரத்தில் கொட்டகை காலி.

சபாபதி மீசையை முறுக்கினார். அப்போதுதான் லாரியை நிறுத்திவிட்டு செபஸ்தியன் உள்ளே வந்தார்.

"செபஸ்தியன், எங்க சம்பந்திகிட்ட போய்ச் சொல்லுங்க. அவரு தோட்டம் மாதிரியே எங்க தோட்டமும் சுயராஜ்யத்துக்கு ஒருத்தர் விடாம ஓட்டுப் போட்டாச்சு!"

"சுயராஜ்யத்துக்கா? அங்க யாருங்க அதுக்கு ஓட்டுப் போட்டது? கோயில் பூசைக்கு ஆடா, கோழியான்னு கேட்டாங்க. ஒருத்தர் விடாம ஆடுன்னுட்டாங்க."