மூன்று மணி நேர மோடம்

இனிமேல் என் வாழ்நாளில் படகு எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்குவதில்லை என்று 1986ஆம் வருடம், ஒரு சனிக்கிழமை மாலை, சபதம் எடுத்தேன். எனக்குப் படகு கிடையாது. எஞ்சினும் கிடையாது. மச்சான் இருந்தார்.

மச்சான் சன்னாசி என் மனைவி நவமணியின் அண்ணன். மலேசியக் கரையோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகு வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதில் படகை விற்றார். படகு கையை விட்டுப் போனதே தவிர வாயை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்துவிடுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஊருக்குள் புந்தோங் பகுதியில் எங்கள் பலகை வீட்டு ஹாலில் உட்காருவார். "மச்சான், அந்த எஞ்சின் இருக்கே..." என்று தொடங்குவார். ஐந்து மணிக்குத்தான் எஞ்சின் நிற்கும்.

எனக்கு விடுதலை ஆபீஸ் வழியாக வந்தது.

நான் மோட்டார் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கோலாலம்பூர் தலைமை ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். கிளைகள் எல்லாம் வாரம் ஒரு முறை சரக்குப் பட்டியலை டெலிபோன் வழியாக அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஆபீஸ் டெலிபோனோ எந்நேரமும் யாராவது ஒருவர் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேனேஜர் யோசித்தார். "உடையப்பன், உன் வீட்டில் போன் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்தே அனுப்பிரு" என்றார். கம்ப்யூட்டரையும் மோடத்தையும் வேனில் ஏற்றி அனுப்பினார்.

பின்னறை மேசையில் இரண்டையும் வைத்தேன். ஹாலில் இருந்த டெலிபோன் லைனிலிருந்து ஓர் ஒயர் இழுத்து மோடத்தில் செருகினேன். நவமணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னங்க, பிஸ்கட் டின் மாதிரி?"

"மோடம். கம்ப்யூட்டர்ல இருக்கிற எண்ணை எல்லாம் சத்தமா மாத்தி லைன்ல அனுப்பும். அந்தப் பக்கம் இன்னொரு மோடம் சத்தத்தைத் திரும்ப எண்ணா மாத்திக்கும்."

"எவ்ளோ வேகமா போவும்?"

"முன்னூறு பாட்."

"முன்னூறு பாட்டா? யாரு பாடுறது?"

"பாட்டு இல்ல, பாட். வேகத்தோட அளவு. ஒரு விநாடிக்கு முப்பது எழுத்து போவும். ஒவ்வோர் எழுத்துக்கும் பத்து பிட்டு."

"ஒரு எழுத்துக்கு பத்து புட்டா? கட்டுப்படியாவாது லா."

நான் பொறுமையாக இருந்தேன். ஒரு வாரம் கோர்ஸ் போனவன் நான். அவள் போகாதவள்.

"பிட்டு. சொன்னா உனக்குப் புரியாது. முக்கியமா ஒண்ணு கேட்டுக்க. ரெண்டு மோடமும் மொதல்ல கை குலுக்கும். கீச்சுன்னு கத்தும். அப்புறம் கேரியர் வரும். கேரியர் போயிருச்சுன்னா டேட்டா போயிரும். டேட்டா போயிருச்சுன்னா என் வேலை போயிரும்."

"சோத்துக் கேரியரா?"

"லைன்ல விடாம ஓடிட்டே இருக்கிற சத்தம். அதுதான் டேட்டாவைச் சுமந்துட்டுப் போவும். அந்த நேரத்துல ஹால்ல போனை யாரும் தூக்கக் கூடாது. அறைக் கதவைத் தட்டக் கூடாது."

"எவ்ளோ நேரம்?"

என் வாழ்க்கையின் பொன்னான வினாடி அது. பட்டியலில் நானூறு வரி. உண்மையில் போய்ச் சேர ஒன்பது நிமிடம் ஆகும்.

"ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்" என்றேன்.

நவமணி கதவிலிருந்து நிமிர்ந்தாள். "சரி, அண்ணன்கிட்ட சொல்லிர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கதவைத் தாழிட்டேன். மோடம் கத்தியது. சோதனை நாளிலேயே அந்தக் கத்தலை ஒரு கேசட்டின் இருபக்கமும் திரும்பத் திரும்பப் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒன்பது நிமிடத்தில் பட்டியல் போய்ச் சேர்ந்தது. என் ரேடியோ இருபக்கமும் தானாகத் திரும்பி ஓடும் ஜாதி. அதில் கேசட்டைப் போட்டு, சத்தத்தை அளவாக வைத்து, ஜன்னல் வழியாகக் குதித்தேன். சைக்கிளை நாலு வீடு தாண்டித் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறி மிதித்தேன்.

ரசாக் அண்ணன் கடை அடுத்த தெருவில். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்குப் பேர் போன கடை. பின்கட்டில் ஒரு கேரம் பலகை. மூன்று மணி நேரம் எஞ்சின் இல்லாத உலகத்தில் வாழ்ந்தேன். ஐந்து மணிக்கு ஜன்னல் வழியாகவே வீடு திரும்பி, முகத்தில் களைப்பை ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் நவமணி. காப்பி கொடுத்தாள். பாவம், அவள் முகம்தான் நிஜமாகவே களைத்திருந்தது. மூன்று மணி நேரம் அவள் தனியாகக் கேட்டிருக்கிறாள்.

இரண்டாவது வாரமும் அப்படியே போனது. மூன்றாவது வாரம் நான் திரும்பியபோது அவள் கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு மோடம் டூயட் பாடுச்சே?"

பழைய சினிமாக் கேசட்டின் மேல்தான் பதிவு செய்திருந்தேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் பாட்டு அழியாமல் தங்கிவிட்டது.

"அது... நாய்ஸ். லைன்ல வேற சத்தம் கலந்துரும்."

"ஆம்பளையும் பொம்பளையும் மாறி மாறிப் பாடுனாங்க."

"அதுக்குப் பேரு டூப்ளெக்ஸ். ரெண்டு பக்கமும் பேசுறது."

"ஓ" என்றாள். அண்ணனுக்குப் பொரித்த கருவாட்டில் மிச்சம் இருந்ததை எனக்குப் பரிமாறினாள். அறிவியலைக் கண்டு ஒரு பெண் வாயடைத்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை இரண்டு மணி ஆகியும் மச்சானைக் காணவில்லை. "பஸ்ஸு லேட்டா இருக்கும். நீங்க போயி கை குலுக்குங்க" என்றாள் நவமணி. எனக்கென்ன. கதவைச் சாத்தினேன், பட்டியலை அனுப்பினேன், கேசட்டைத் தட்டினேன், குதித்தேன்.

ரசாக் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உள்ள போங்க. பார்ட்னர் வந்து ஒரு மணி நேரமாச்சு."

பின்கட்டுக்குப் போனேன். கேரம் பலகைக்கு முன்னால் கைகளில் பவுடர் பூசிக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். டேட்டா எல்லாம் இப்ப இங்கேருந்துதான் போவுதுன்னு தங்கச்சி சொன்னிச்சு. நேரா இங்கயே எறங்கிட்டேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நீங்களும் தனியாத்தானே வெளையாடுறீங்க, தொணைக்கு ஆள் வேணும்ல" என்று சொல்லி ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். சிவப்பு குழிக்குள் விழுந்தது. "இந்தச் சுண்டு இருக்கே, எஞ்சின்ல பிஸ்டன் தள்றதும் இப்படித்தான் மச்சான்..."

அவர் நன்றாகவே ஆடினார். ஒவ்வொரு காய்க்கும் ஓர் உதிரிபாகம் சொன்னார். வீட்டில் மூன்று மணி நேரத்தில் முடிகிற எஞ்சின், பலகை இருந்த உற்சாகத்தில் நாலு மணி நேரம் ஓடியது. ரசாக் அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் உடனே சமையலறைக்குப் போய்விட்டார்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. வாசல் வழியாக நுழைந்தேன். நவமணி ஸ்டூல்மேல் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, டெலிபோனில் தன் தோழி மங்களத்துடன் பேசிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"ரெண்டாவது வாரமே தெரியும். மூணு மணி நேரம் டேட்டா போச்சுன்னா நம்ம லைன் எங்கேஜா இருக்கணும்ல? பக்கத்து வீட்டுக் கருப்பம்மாக்கா வீட்டுலேருந்து நம்ம நம்பருக்கு அடிச்சேன். மணி அடிச்சிச்சு. அண்ணன்தான் எடுத்தாரு. நாந்தான்னு தெரியாம, எஞ்சினைப் பத்தி ஆரம்பிச்சிட்டாரு."

"போனைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. நான் தூக்கல, அடிச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"எதுக்கு? கேட்டா நீங்க திரும்ப ஹாலுக்கு வருவீங்க. ரெண்டு பேரும் சேந்து எஞ்சின் கேப்போம். அதான் நீங்க போற எடம் எதுன்னு விசாரிச்சேன். ரசாக் அண்ணன் கடைல கருப்பம்மாக்கா ரொட்டி வாங்கப் போறப்ப பாத்துட்டு வந்து சொல்லிச்சு. அண்ணனை அந்த லைனுக்கு மாத்தி விட்டேன். அவருக்கும் பாவம் பேச ஆளு வேணும். எனக்கும் வாரத்துல ஒரு நாள் காது வேணும்."

அவள் அண்ணன் தனியாள் என்பது எனக்கும் தெரியும். அதை நினைத்து மனசு கொஞ்சம் இளகியது. இளகியதுதான் தப்பு.

"சரி விடு. சனிக்கிழமை மூணு மணி நேரம்தானே. சமாளிச்சுக்கறேன்" என்றேன்.

"அத சொல்ல மறந்துட்டேன். நீங்க வாரதுக்குள்ள அண்ணன் அங்கேருந்தே போன் அடிச்சிட்டாரு. கேரம் ரொம்பப் புடிச்சிருச்சாம். ரசாக் அண்ணன் கடை மாடில ரூம் ஒண்ணு காலியா இருக்காம். ஹுத்தான் மெலிந்தாங்கைக் காலி பண்ணிட்டு அங்கயே வாராராம். தெனமும் ஆபீஸ் விட்டு வாரப்ப நீங்க ஒரு ஆட்டம் போடுவீங்கன்னு நான் சொல்லிட்டேன்."

அடுத்த சனிக்கிழமை, மாடிப்படி குறுகலாக இருந்ததால், மச்சானின் கட்டிலை நான்தான் தலையில் வைத்து ஏற்றினேன்.