பின்னால் போன கூட்ஸ் ரயில்

எனக்குச் சந்தேகப் புத்தி. கோயில் வாசலில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், முதலில் என் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நீராவி எஞ்சினை நடுவழியில் மறிக்க வைத்ததும் அந்தப் புத்திதான்.

இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில் மரக்கறிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி கூப்பிட்டு, "கரி எஞ்சின் பூட்டின கூட்ஸ் ரயில் ஒன்னு பதுளைக்குப் போவுது. நம்ம சாக்கு நாப்பது அதுல இருக்கு. ஒன்னு கொறையாம திருப்பிக் கொண்டாந்துடு" என்றார்.

(இந்தக் காலத்தில் எதற்குக் கரி எஞ்சின் என்று கேட்டிருக்கலாம். முதலாளியை மட்டும் நான் சந்தேகப்படுவதில்லை. சம்பளம் தருகிறவர்.)

திறந்த பெட்டியில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசிப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள். எல்ல ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் நின்றது. அவர்கள் இறங்கித் தேயிலைக்குள் பதுங்கினார்கள். ரயில் பின்னால் போனது. பிறகு புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் வந்தது. செடிகளுக்குள்ளிருந்து என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டினார்கள். நான் குனிந்தால் மூட்டையை யார் பார்ப்பது? எழுந்து நின்று குடையையும் விரித்தேன்.

மூன்றாம் தடவை பின்னால் போனபோது பக்கத்துப் பெட்டியில் நின்ற கார்டிடம் கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நானா, போன ரயில் ஏன் திரும்பித் திரும்பி வருது?"

"சும்மாதான் தம்பி. அவங்க சொல்றாங்க, நாங்க செய்றோம்."

இந்தக் களவில் கார்டும் கூட்டு என்பது உறுதியாகிவிட்டது. ரயில் நின்றதும் குதித்து ஓடி, எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் குடையோடு நின்றேன்.

"மூட்டைய எறக்குங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க."

கார்ட் நானா இறங்கி வந்தார். "தம்பி, இவங்க ரயில் பொகையோட வர்றதப் படம் புடிக்க வந்தவங்க. அந்தக் காலத்துச் சாமான் ரயில் மாதிரி இருக்கணுமாம். அதுக்குத்தான் உங்க மொதலாளி சாக்கு குடுத்தாரு." ஒரு மூட்டையை அவிழ்த்தும் காட்டினார். வைக்கோல். நாற்பதிலும் வைக்கோல்.

அதற்குள் மலையிலிருந்து மூடுபனி இறங்கி எஞ்சினையே மறைத்துவிட்டது. இதற்காகக் கடல் கடந்து வந்த கிழவர் ஒருவர் கேமராவை மூடினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தூறலில் அவருக்குக் குடை பிடித்தேன். வேறென்ன செய்ய?

நான் எஞ்சினை மறித்து நின்ற படத்தை அவரே பிறகு தபாலில் அனுப்பினார். வேலை போகும் என்றிருந்தேன். முதலாளி அதைச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டினார். என்னைப் பற்றி விசாரிக்க வந்த பெண் வீட்டாருக்கும் அதைத்தான் காட்டியிருக்கிறார். முதலாளி அன்று அவர்களிடம் சொன்னதைச் சொல்லித்தான் மாமனார் இன்றைக்கும் என்னைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்:

"வைக்கலுக்கே இப்படிக் காவல் நின்னவரு. நம்ம புள்ளய விட்டுடுவாரா?"