மஞ்சள் பாதையை நான் அழித்த கதை

பொறாமை எல்லோருக்கும் உள்ளதுதானே என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கிருந்தது சாதாரணப் பொறாமை அல்ல. டெல்ரினைக் கண்டாலே வயிறு எரியும். அவள் மத்தியானம் டப்பாவைத் திறந்து மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் சாப்பிட்டாலும் எரியும். (எனக்கு ஒன்று தந்தாலும் எரியும். வாங்கிச் சாப்பிடுவேன், அது வேறு விஷயம்.)

அப்போது வெள்ளவத்தையில் ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வழக்குக் கோப்புகள், காணி உறுதிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுட்டில் ஏற்றிப் பாதுகாப்பது என் பொறுப்பு. மாதா மாதம் அந்தக் கிளவுட் பில்லைப் பார்த்து எங்கள் தலைமைச் சட்டத்தரணி, அதாவது சேர், பெருமூச்சு விடுவார். நானும் கூடவே பெருமூச்சு விடுவேன். அதுதான் நான் எடுத்த நடவடிக்கை.

இப்படி இருக்கும்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து டெல்ரின் வந்து சேர்ந்தாள். வந்த சூட்டோடு பில்லைக் குறைத்துவிட்டாள். என்ன பெரிதாகச் செய்தாள்? முடிந்துபோன வழக்குகளை வாடகை குறைந்த ஒரு சேமிப்புக்கு மாற்றினாள். அங்கே செலவு சொற்பம், ஆனால் கேட்ட உடனே கோப்பு வராது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 'ஐஸ் பெட்டி' என்று பெயர் வைத்துச் சிரித்தேன். கூடச் சிரிக்க ஒரு ஆள் இல்லை.

"டெல்ரின் நல்ல கெட்டிக்காரி" என்று சேர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். என்னை அவர் கெட்டிக்காரன் என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. அதோடு, ஆவணங்களுக்கென்று ஒரு மனேஜர் பதவி வரப்போகிறது, கண்ணாடி அறையும் உண்டு என்று கதை அடிபட்டது. அந்த அறையின் ஜன்னலில், இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சூண்டு கடல் தெரியும். அந்தக் கடல் எனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லியும் விட்டேன்.

அவளை முந்துவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். இடத்தை எல்லாம் விழுங்குவது கலர் ஸ்கேன்தான். அவ்வளவையும் கறுப்பு வெள்ளையாக்கிச் சுருக்கிவிட்டால்? முடிந்த வழக்கின் கோப்பை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் எங்கள் அலுவலக விதி. கலரோடு வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லையே!

சனிக்கிழமையும் அலுவலகம் போனேன். மனைவி கேட்டாள், "ஆரையும் கேட்டுத்தான் அழிக்கிறியளோ?"

"எனக்குத் தெரியாததோ?" என்றேன்.

கறுப்பு வெள்ளைப் பிரதிகளை எடுத்து வைத்துவிட்டு, கலர் கோப்புகளை அழித்தேன். குப்பைக் கூடையையும் காலி செய்தேன். அடுத்த பில் டெல்ரின் குறைத்ததை விடவும் கீழே போனது. எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். டெல்ரினுக்கு மட்டும் தவறிப்போய் இரண்டு தரம் போய்விட்டது. (தவறி அல்ல.)

பிறகு ஒரு நாள், ஹெந்தளையில் காணி உள்ள ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். வருடக்கணக்காக முகம் பார்த்துக் கதைக்காதவர்கள். அண்ணனின் காணிக்குள்ளால் தங்கையின் வீட்டுக்கு ஒரு பாதை போகிறது. அதற்குத்தான் சண்டை. காகித வரைபடத்தைக் கறையான் தின்றுவிட்டதால் எங்கள் ஸ்கேன்தான் மிச்சம். அண்ணன் அன்றிரவே லண்டன் திரும்புகிறார், அதற்குள் பாதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சேர் என்னிடம், "வரைபடத்தைப் பெரிய திரையில போடும்" என்றார்.

கம்பீரமாகப் போட்டேன்.

"தம்பி, என்ர பாதை எங்கை?" என்றார் தங்கை. "மஞ்சளிலையெல்லோ இருந்தது!"

திரை முழுக்க ஒரே சாம்பல். அண்ணன் காணியும் சாம்பல், தங்கை காணியும் சாம்பல், பாதையும் சாம்பல். அண்ணன் எழும்பி நின்று பார்த்தார். "பாதையே இல்லை! நான் அப்பவே சொன்னனான்!"

சேர் என்னைப் பார்த்த பார்வையில், ஸ்கேன் பண்ணாமலே நான் கறுப்பு வெள்ளையானேன்.

"கலர்ப் பிரதி எங்க?"

"அழிச்சிட்டன் சேர். பில்லைக் குறைக்க..."

அப்போது மூலையிலிருந்து டெல்ரினின் குரல். "என்கிட்ட ஒரு கொப்பி இருக்கு சேர். ஐஸ் பெட்டில." அந்தப் பெயரை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "தயா அண்ணா சனிக்கிழமையும் ஒஃபிசுக்கு வர்றாருன்னு கேட்டதும் எனக்குப் பயம் புடிச்சிருச்சு. அதான் முதல்லயே எல்லாத்தையும் எடுத்து வச்சேன்."

ஐஸ் பெட்டி உருகி கோப்பு வெளியே வரச் சாயங்காலமாகும். தேநீர் வந்தது, ரோல்ஸ் வந்தது. காத்திருந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் பொழுது போக வேண்டுமே. அதற்கு நான் கிடைத்தேன்.

"இவனை ஆர் வேலைக்கு எடுத்தது?" என்றார் தங்கை, பொதுவாக.

"எங்கட மாமான்ர மூத்தவன் மாதிரி இருக்கிறான், என்ன?" என்றார் அண்ணன்.

"ஓம் அண்ணை! அவனும் இப்பிடித்தான், கிணறு இறைக்கிறன் எண்டு மோட்டரை எரிச்சவன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவில் தொடங்கி அம்மாவின் ஒடியல் கூழ் வரைக்கும் போய், தங்கை கண்ணைத் துடைத்தார். மஞ்சள் பாதை திரைக்கு வருவதற்கு முதலே அண்ணன், "பாதையை வைச்சுக் கொள்ளடி" என்று சொல்லிவிட்டார். வரைபடத்தை இணைத்துக் கையெழுத்து வைப்பது மட்டும்தான் மிச்சம்.

உண்மையைச் சொல்லுங்கள், சமாதானம் செய்தது யார்? ஏச்சு வாங்கின நானல்லவா? ஆனால் சேர் டெல்ரினின் கையைக் குலுக்கினார். கண்ணாடி அறையும் கடலும் அவளுக்கே போயின. நான் வாசலில் நின்று, அந்தக் கொஞ்சூண்டு கடல் இன்னும் குறைவாகத் தெரிவதை எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் மனைவிக்கும் டெல்ரினுக்கும் ஒரே சிநேகம். (அதற்கும் எரிந்தது.) அண்மையில் என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு வாழ்த்து அட்டை வரைந்து தந்தாள். கேக், பலூன், நடுவில் நான், எல்லாமே வெறும் பென்சிலில்.

"ஏன் பிள்ளை, கலர் அடிக்கேல்லையே?"

"கலர் அடிச்சா இடம் பிடிக்குமெல்லோ அப்பா."

மனைவி குசினிக்குள், அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அப்போதுதான் படத்தின் மூலையில் ஒருத்தி தெரிந்தாள். கையில் பற்றிஸ், பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குள் நீலக் கடல். சட்டைக்குப் பளீரென்று மஞ்சள் அடித்திருந்தது.

"இது ஆர்?"

"டெல்ரின் அன்ரி. அவவுக்கு மட்டும் இடம் இருந்தது அப்பா."